கான்ஸ்பிரசி: சதியா, சூழ்ச்சியா?

போன வாரம் சுங்கை சிப்புட்டில் தம்பி வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்திருந்தபோது, படிவம் நான்கு படிக்கிற அவன் மகள் நோட்டை நீட்டினாள். "பெரியப்பா, கான்ஸ்பிரசி திரில்லர்னா இதுதானே?" 'சதித் திகில் நாவல்' என்று எழுதி, 'திகில்' மேல் இரண்டு தடவை அடித்து மறுபடியும் அதையே எழுதியிருந்தாள். நூலாய்வுக்கு அவள் எடுத்தது டான் பிரவுனின் 'டா வின்சி கோட்'. 2003-இல் வெளிவந்தது, ராபர்ட் லாங்டன் வரிசையில் இரண்டாவது நாவல். லூவர் அருங்காட்சியகத்தில் காப்பாளர் ஒருவர் கொலையாவதில் தொடங்கி, ஒரு கூட்டம் பல நூற்றாண்டாக மூடி வைத்த ரகசியத்தைத் தேடி ஓடும்.

அவள் அடித்துப் பார்த்தது நியாயம்தான். திகில் என்றால் நமக்குப் பேய்க்கதை. திரில் என்பதன் பழைய ஆங்கிலப் பொருளோ துளைப்பது. மூக்குத்துளைக்கு அவர்கள் சொல்லும் 'நாஸ்ட்ரில்' என்பதிலும் அந்தத் துளைதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மிடமும் 'துருவு' இருக்கிறது. துளைப்பதும் துருவுதல், துருவித் துருவிக் கேட்பதும் துருவுதல். எனக்கு இது ரொம்பப் பிடித்த ஒற்றுமை. ஆனாலும் நாவல் வகைக்குப் பெயர் என்று வந்தால் 'பரபரப்பு நாவல்' போதும்.

சிக்கல் கான்ஸ்பிரசியில்தான். லத்தீனில் 'கான்' என்றால் சேர்ந்து, 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுவது. ஒன்றாக மூச்சுவிடும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசுகிற நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள் அல்லவா? அந்தக் 'கூட்டு' இல்லாமல் இந்தச் சொல்லே இல்லை. மலேசியத் தண்டனைச் சட்டம் 120ஏ பிரிவும் இரண்டு பேராவது சேர்ந்து உடன்பட வேண்டும் என்கிறது. மலாயில் இதற்குப் 'பக்காத்தான்' என்பார்கள், கட்சிக் கூட்டணிக்கும் அதே சொல்தான்.

'சதி'யில் அந்தக் கூட்டம் இல்லை. ஒருத்தனே தனியாக உட்கார்ந்து சதி செய்யலாம், விதிகூட சதி செய்துவிட்டது என்கிறோம். அதனால்தான் பத்திரிகைக்காரர்கள் 'கூட்டுச்சதி' என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டுகிறார்கள்.

நான் சொல்வது 'சூழ்ச்சி'. சூழ் என்றால் சுற்றி நிற்பது, கலந்து யோசிப்பது. "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்ற குறளில் (671) அது நல்ல சொல், ஆராய்ந்து முடிவெடுப்பது என்றுதான் பொருள். "சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்" (445) என்னும்போது சூழ்வார் அரசனுக்கு ஆலோசனை சொல்லும் அமைச்சர்கள். பிற்காலத்தில்தான் அதில் கெட்ட வாடை ஏறியது, லத்தீன் சொல்லைப் போலவே.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக்கூடாது என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. அதற்காக லயத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சு துரைக்குச் சதி, பேசியவர்களுக்குக் குறள் சொன்ன சூழ்ச்சி. இரண்டு பொருளையும் தாங்குகிற ஒரே சொல்லை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ஒன்றையும் அவளிடம் சொன்னேன். கதையில் ரகசியத்தை மூடி வைத்த கூட்டமான சியோன் சங்கம் 1099-இல் தோன்றியது என்று நாவல் சொல்கிறது. பிரான்சில் பியேர் பிளான்டார் என்பவர் அதை 1956-இல்தான் பதிவு செய்தார். பழமை காட்டுவதற்குப் பொய் ஆவணங்கள் தயாராகி, பாரிஸ் தேசிய நூலகத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. அசல் சூழ்ச்சி அங்கே நடந்திருக்கிறது.

அவள் மூன்றாம் தடவை அடித்துவிட்டு, 'சூழ்ச்சி நாவல்' என்று எழுதினாள். பக்கத்தில் சின்னதாக '1956' என்றும் குறித்துக்கொண்டாள்.