"சர்வர் எப்ப வருவாரு?" – கேட்பு, மறுமொழி: சொல் விளக்கம்

சேலத்தில் ஓர் அலுவலக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, சான்றிதழுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தவர். "சர்வர் இல்லீங்கம்மா, அப்புறம் வாங்க" என்றார் உள்ளே இருந்தவர். பாட்டி நிதானமாகக் கேட்டார்: "சரிங்க, சர்வர் எப்ப வருவாரு?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்த ஓட்டலில் நுழைந்தாலும், என்ன வேண்டும் என்று கேட்டுக் கொண்டுவந்து வைப்பவர்தான் சர்வர். கணினி நம் வாழ்க்கைக்குள் வருவதற்கு முன்பே தமிழில் குடியேறிய சொல் அது. பாட்டி அதைச் சரியாகத்தான் பிடித்திருந்தார். கணினிக்காரர்களும் அந்த வேலையைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள்.

சர்வரின் வேர் லத்தீனில் இருக்கிறது. செர்வுஸ் என்றால் அடிமை, செர்வீரே என்றால் ஊழியம் செய்தல். கணினி வலைப்பின்னலில் இந்தச் சொல் 1969-லேயே வந்துவிட்டது. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்காக எழுதப்பட்ட ஆர்எஃப்சி 5 என்னும் குறிப்பு, சேவை தரும் கணினியை 'சர்வர் ஹோஸ்ட்' என்றும் அதைப் பயன்படுத்தும் கணினியை 'யூசர் ஹோஸ்ட்' என்றும் பிரித்தது. சேவை கேட்கும் பக்கத்துக்கு, அதாவது உலாவி, கைப்பேசிச் செயலி போன்றவற்றுக்கு, கிளையன்ட் என்று பெயர். அந்தச் சொல் 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வேரூன்றியது. பழைய ரோமில் ஒரு செல்வரை அண்டிப் பிழைத்தவர் கிளையன்ட். நம் நீதிமன்றத் தமிழில் அவர் கட்சிக்காரர். அந்தச் சொல்லைக் கைப்பேசிச் செயலிக்கு வைக்க முடியாது.

சர்வருக்குத் தமிழில் சேவையகம், வழங்கி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு வழங்கிக்கு. 'அகம்' என்று முடிந்தால் ஓர் இடம், ஒரு கட்டடம் கண்முன் வருகிறது. ஆனால் சர்வர் என்பது ஒரு பாத்திரம். சேலத்து மொத்த வியாபாரச் சந்தையான லீ பஜாரில் பாருங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த மளிகைக் கடைக்காரர் மண்டியில் துவரம் பருப்பு கேட்கிறார். மண்டிக்காரரிடம் இருப்பு இல்லை. அவர் இன்னொரு மண்டிக்கு ஆள் அனுப்பிக் கேட்கிறார். கடைக்காரருக்கு வழங்குபவராக இருந்தவரே அடுத்த மண்டிக்கு வாங்குபவர் ஆகிவிட்டார். பல கணினிகளில் வேலையைப் பகிர்ந்து செய்யும் அமைப்புகளில் நொடிக்கு நொடி நடப்பது இதுதான். சர்வருக்கு வழங்கி, கிளையன்ட்டுக்கு வாங்கி என்று வினையிலிருந்து பிறந்த சொற்கள் இந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கின்றன.

இனி ரெக்வஸ்ட், அதாவது வாங்கி வழங்கிக்கு அனுப்பும் செய்தி. 'கோரிக்கை' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். தவறில்லை, ஆனால் அந்தச் சொல்லில் மனுவின் வாடை அடிக்கிறது. பத்து அம்சக் கோரிக்கை என்றால் ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். ஒரு பக்கத்தைத் திறக்க உலாவி அனுப்பும் சின்னச் செய்திக்கு அவ்வளவு கனம் வேண்டாம். 'கேட்பு' போதும்.

இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 'கேள்' என்ற வேர் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. வாய் திறந்து வினவுவதும் கேட்டல், காது கொடுத்துச் செவிமடுப்பதும் கேட்டல். குறளின் 42-வது அதிகாரமான 'கேள்வி' முழுவதும் காதால் கேட்பதைப் பற்றியதுதான். வழங்கி என்ன செய்கிறது? வலைத்தளமாக இருந்தால் 80 அல்லது 443 என்ற எண்ணுள்ள வாயிலில் (ஆங்கிலத்தில் போர்ட்) காது கொடுத்துக் காத்திருக்கிறது. நிரலாளர்கள் அதற்கு இடும் கட்டளையின் பெயரே 'லிசன்', அதாவது கேள். ஆக, வாங்கி கேட்கிறது, வழங்கியும் கேட்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் தேவைப்படும் இடத்தில் நம் வேர் ஒன்று இரண்டு முனைகளையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. குழப்பம் வராதா என்று மாணவர்கள் கேட்பார்கள். யார் கேட்கிறார் என்று சொல்லிவிட்டால் வராது.

வழங்கி திருப்பி அனுப்பும் ரெஸ்பான்ஸுக்கு 'பதில்' என்பது பேச்சில் இயல்பு. அது அரபுச் சொல். ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று என்பது மூலப்பொருள். 'அவருக்குப் பதிலாக இவர்' என்கிறோமே, அது அந்தப் பழைய பொருள்தான். 'விடை' நல்ல சொல், ஆனால் விடைபெறுவதும் அதிலேதான் இருக்கிறது. எழுத்தில் நான் 'மறுமொழி' என்பேன். முன்னால் ஒரு மொழி வந்திருக்க வேண்டும் என்பதை இந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. கேட்பு இல்லாமல் மறுமொழி இல்லை. உலாவியும் வலைத்தள வழங்கியும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையின் அடிப்படையும் அதுவே: வாங்கி முதலில் பேச வேண்டும்.

மறுமொழி என்றால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதைத் தமிழ் இலக்கணம் வெகு காலத்துக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறது. வினாவுக்கு எதிராக வரும் வினாவும் ஒரு செப்புதான் என்கிறது தொல்காப்பியம். செப்பு என்றால் விடை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. எச்டிடிபியில் ஒவ்வொரு மறுமொழியோடும் வரும் நிலை எண்களை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 200 என்றால் 'ஆகட்டும், இதோ' என்னும் நேர் விடை. 404, 'இல்லை' என்னும் மறை விடை. 301, 'அந்த முகவரிக்குப் போ' என்று கைகாட்டும் சுட்டு விடை. 401 வந்தால் 'முதலில் நீ யார்?' என்று பொருள். அதுதான் வினா எதிர் வினாதல். 503 எனக்குப் பிடித்தது. 'ஆடுவாயா?' என்றால் 'கால் வலிக்கிறது' என்பது உற்றது உரைத்தல். வழங்கியும் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறது: இப்போது முடியவில்லை.

மௌனம் மட்டும் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. பகிர்ந்த அமைப்புகளின் பெரிய தலைவலியும் அதுதான்.

ஒருமுறை ஏற்காட்டுக்கு ஏறும் வழியில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியபின், கைப்பேசியில் ஒரு கட்டணம் செலுத்தினேன். மூடுபனி, சிக்னல் வந்து வந்து போனது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமை இல்லாமல் மறுபடி அழுத்தினேன். இரண்டு முறை பணம் போய்விட்டது. என்ன நடந்தது? முதல் கேட்பு போய்ச் சேர்ந்து வேலையும் முடிந்துவிட்டது. திரும்பி வந்த மறுமொழிதான் வழியில் தொலைந்தது. கேட்பு தொலைந்ததா, மறுமொழி தொலைந்ததா, வழங்கி மெதுவாக வேலை செய்கிறதா என்று இந்த முனையிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. மூன்றும் ஒரே மௌனம். ஒரு பக்கத்தை இரண்டு முறை கேட்டால் நட்டமில்லை. பணத்தை இரண்டு முறை அனுப்பினால் நட்டம். அதனால் கவனமாக எழுதப்பட்ட செயலி, கேட்பு ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும். அதே எண் மறுபடி வந்தால், வழங்கி வேலையை மீண்டும் செய்யாமல் பழைய மறுமொழியையே அனுப்பிவிடும். அந்த எண்ணை 'கேட்பு எண்' என்று எழுதினால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

பேச்சில் சர்வர் என்றே சொல்லுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. பாடம் எழுதும்போதும் திரையில் அறிவிப்பு வைக்கும்போதும் கேட்பு, மறுமொழி, வழங்கி என்று எழுதிப் பாருங்கள்.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். 503 என்று மறுமொழி அனுப்பும் வழங்கி, கூடவே ஒரு வரியைச் சேர்த்து அனுப்ப எச்டிடிபியில் இடம் இருக்கிறது. 'ரீட்ரை ஆஃப்டர்' என்று அதற்குப் பெயர். எத்தனை நொடி கழித்து, அல்லது எந்த நாளில் எந்த நேரத்தில் திரும்பக் கேட்கலாம் என்று அதில் எழுத வேண்டும். அன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் அந்த வரியைக் கேட்டு வாங்கியவர் பாட்டி ஒருவர்தான். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்கம்மா" என்றார் உள்ளே இருந்தவர். பாட்டி பையை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.