வழும்பு பிடித்தல்: 'பயோஃபவுலிங்'கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தண்ணீரை நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தித் தள்ளிச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ஆலைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'பயோஃபவுலிங்'. பாக்டீரியாக்கள் சவ்வில் ஒட்டிப் பெருகித் தொல்லை தருவதற்குத்தான் இந்தப் பெயர். இதை 'உயிரி மாசு' என்றோ 'உயிரிப் படிவு' என்றோ தமிழாக்கத்தான் முதலில் தோன்றும். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

'பயோ' கிரேக்கத்தில் உயிர்வாழ்வைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 'ஃபவுல்' பழைய ஆங்கிலத்தில் அழுகி நாறுவதைக் குறித்தது. சீழைக் குறிக்கும் லத்தீனின் 'பஸ்', நாற்றத்தைக் குறிக்கும் வடமொழியின் 'பூதி' ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவைதான். (விபூதிக்கும் இதற்கும் தொடர்பில்லை, பயப்பட வேண்டாம்.) கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் ஓட்டுயிர்களும் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைப்பதை மாலுமிகள் 'ஃபவுல்' என்ற சொல்லால் குறித்தார்கள். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்ந்து பார்த்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். அதே சொல் பிறகு குழாய்களுக்கும் சவ்வுகளுக்கும் வந்து சேர்ந்தது.

சவ்வில் நடப்பது இதுதான். தண்ணீரில் வரும் பாக்டீரியாக்களில் சில சவ்வின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை மாச்சத்து வகைப் பொருள்களையும் புரதங்களையும் சுரந்து, ஒரு கொழகொழப்பைத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அதற்குள் பெருகுகின்றன. சுருட்டி வைத்த சவ்வுகளுக்கு நடுவே தண்ணீர் ஓட ஒரு வலை இருக்கும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அங்கே கொழகொழப்பு சேர்ந்தால் நீரைத் தள்ள அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

தமிழில் இதற்குத் தனிப் பெயர்ச்சொல் இல்லையே என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான், நம்மிடம் இருப்பது வினை என்று உறைத்தது. தூசி படியும், வண்டல் படியும், உப்பு படியும். ஆனால் பாசி பிடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். மேலிருந்து வந்து உட்காருவது படிவது. பற்றிக்கொண்டு பரவுவது பிடிப்பது. துருவும் பிடிக்கத்தான் செய்யும். அதற்கு உயிர் இல்லை, ஆனால் அதுவும் இருந்த இடத்திலிருந்து பரவுகிறது. சவ்வில் சுண்ணாம்பு சேர்வது படிதல், அதை அமிலம் கரைத்துவிடும். பாக்டீரியா சேர்வது பிடித்தல். இதற்கு முதலில் காரக் கரைசல், அப்புறம்தான் அமிலம். முறை மாறினால் கொழகொழப்பு இறுகி இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளலாம்.

பிடிப்பதன் குணத்தைக் குறுந்தொகையில் (399) பரணர் சொல்லிவைத்திருக்கிறார். ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியைப் போன்றதாம், காதலனைப் பிரிந்தவளின் மேனியில் படரும் பசலை என்ற நிறமாற்றம்: 'தொடுவுழித் தொடுவுழி நீங்கி, விடுவுழி விடுவுழிப் பரத்தலானே'. காதலன் கை பட்ட இடத்தில் விலகும், கையை எடுத்ததும் மீண்டும் பரவும். சவ்வைக் கழுவியவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். எவ்வளவு கழுவினாலும் மிச்சமிருக்கும் சில பாக்டீரியாக்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும்.

குளோரின் போட்டுக் கொன்றால் என்ன? அங்கேதான் சிக்கல். 1960 வாக்கில் லோப், சௌரிராஜன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு ஓரளவு குளோரினைத் தாங்கும். இன்று பெரும்பாலும் புழங்கும் பாலிஅமைடு சவ்வைக் குளோரின் அரித்துவிடும். அதனால் குளோரின் போட்ட தண்ணீரிலிருந்து, சவ்வுக்குள் நுழையும் முன் சோடியம் பைசல்பைட்டால் அதை நீக்குகிறார்கள். காவலை நீக்கிய பிறகு தப்பியவற்றுக்குக் கொண்டாட்டம். போதாக்குறைக்கு, நீரிலுள்ள பெரிய கரிமப் பொருள்களைக் குளோரின் சிறு துண்டுகளாக உடைத்து அவற்றுக்கு இரையாக்கியும் வைத்திருக்கும். ஆகவே கொல்வதைவிடப் பட்டினி போடுவதே நல்ல வழி: கரிமச் சத்தை முன்கூட்டியே வடிகட்டி எடுப்பது, நீரைத் தேங்கவிடாமல் இருப்பது. நம் வீட்டு ஆர்.ஓ.விலும் கார்பன் வடிகட்டி குளோரினை உறிஞ்சிக்கொள்வதால் அதற்குப் பின்னால் காவல் கிடையாது. இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், முதலில் பிடிக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது.

சரி, பிடிப்பது எது? 'பாசி' என்று சொல்லலாம்தான், ஆனால் பாசிக்கு வெளிச்சம் வேண்டும். சவ்வுக் குழலுக்குள் கும்மிருட்டு. விரால் மீனைக் கழுவும்போது கையில் வழுக்குகிறதே, கல்லுப்புப் போட்டு உரசினால்தான் போகிறதே, அது வழும்பு. பாக்டீரியா சுரக்கும் கொழகொழப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படலத்தை (ஆங்கிலத்தில் 'பயோஃபிலிம்') 'உயிர்ப்படலம்' என்பது இருக்கட்டும். அது சவ்வில் சேர்ந்து தொல்லை தருவதை 'வழும்பு பிடித்தல்' என்பேன். அட்டவணைத் தலைப்புக்குப் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் 'வழும்புப் பற்று' என்று எழுதிக்கொள்ளலாம். பற்றுப் பாத்திரம் தேய்த்த கைகளுக்கு அது உடனே புரியும்.