1,180 அடியிலும் குமரிக்கண்டம் இல்லை, அண்ணே

பூமிக்கடியில் குமரிக்கண்டத்து ஆறு ஓடுகிறது என்று நம்பி ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, தண்ணீரைச் சோதித்துப் பார்க்க என்னைக் கூப்பிட்டதில் இந்த வருஷம் இது நாலாவது வீடு. முதல் மூன்று பேரிடமும் பொறுமையாகத்தான் பேசினேன். நாலாமவரிடம் குரலை உயர்த்திவிட்டேன். அது தப்பு, மறுநாளே போன் பண்ணி மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் சொன்ன விஷயத்தில் தப்பில்லை. அதை நிதானமாக எழுதிவைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காரைக்குடிக்குக் கிழக்கே ஓர் ஊர். முப்பது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய அண்ணன் ஒருவர், பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். பழைய கிணறு தூர்ந்துவிட்டதால் போர் போட முடிவு. 240 அடியிலேயே நல்ல ஊற்று மணல் வந்திருக்கிறது. அங்கேயே நிறுத்திக் குழாய் இறக்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் பாயிண்ட் பார்த்துக் கொடுத்த ஆள், "இது மேல் தண்ணி அண்ணே. கீழே கடல் கொண்ட குமரிக்கண்டத்து ஆறு ஓடுது. அதைத் தொட்டுட்டா ஏழு தலைமுறைக்கும் வத்தாது" என்று சொல்லியிருக்கிறார். ஆதாரத்துக்கு இரண்டு வீடியோ. ஒன்றில், பூமிக்கடியில் பெருங்கடல் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொன்றில், குமரிக்கண்டம்தான் என்று இவர்கள் சொல்லும் லெமூரியா மொரீஷியஸில் கிடைத்துவிட்டது. ரிக் வண்டி 1,180 அடி வரைக்கும் போனது. கூலி அடிக்கணக்கில், ஆழம் ஏற ஏற அடிக்கான ரேட்டும் ஏறும். யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் வந்தது. கரித்தது.

அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டரை விட்டுப் பார்த்தேன், டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள், 4,100 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு 500க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. அண்ணன் முகம் வாடவே இல்லை. "பாத்தீங்களா தம்பி, உப்பு! கடல்தானே? குமரிக்கண்டம் கீழே இருக்குன்னு இப்ப நிரூபணமே ஆயிருச்சு" என்றார். என் குரல் உயர்ந்தது அந்த இடத்தில்தான்.

லெமூரியா என்ற பெயரை வைத்தவர் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், 1864இல். மடகாஸ்கரில் லெமூர்கள் ஏராளம். அவற்றின் சொந்தக்காரர்கள் இந்தியாவிலும் உண்டு, நம் தேவாங்கு அந்த வகையறாதான். இடையில் இவ்வளவு பெரிய கடல் இருக்க, இரண்டு பக்கமும் எப்படி வந்தன? நடுவில் ஒரு கண்டம் இருந்து முழுகியிருக்கும் என்று ஊகித்தார். கண்டங்கள் நகரும் என்று தெரியாத காலத்தில் அது ஒரு கௌரவமான ஊகம். 1912இல் வெகெனர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னார், சிரித்தார்கள். 1960களில் கடலடித் தரையை அளந்து பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டிக் கிடந்து, ஏறக்குறைய 9 கோடி வருஷத்துக்கு முன்பு பிரிந்தவை. தட்டுகள் நகர்வது பள்ளிக்கூடப் பாடம், அதை இங்கே திரும்ப நடத்தப் போவதில்லை. முழுகிய கண்டத்துக்கு அதன்பின் வேலை இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

"வெகெனரையும் சிரிச்சாங்க, எங்களையும் சிரிக்கிறீங்க" என்று ஒரு வாதம் வரும். வாராவாரம் கேட்கிறேன். வெகெனரிடம் பாறையும் புதைபடிவமும் இருந்தன. கண்டத்தை நகர்த்தும் விசை எது என்பதில்தான் அவர் தடுமாறினார். அளக்க அளக்க அவர் பக்கம் சான்று கூடிக்கொண்டே வந்தது. லெமூரியாவுக்கு அளக்க அளக்கக் குறைந்துகொண்டே வந்தது. சிரிப்பு வாங்கியவர் எல்லாம் வெகெனர் ஆகிவிடுவதில்லை.

கண்டம் ஏன் முழுகாது? பிள்ளையார்பட்டியில் கோயில் குடைந்திருக்கும் பாறையைப் பாருங்கள், திருமயம் கோட்டை உட்கார்ந்திருக்கும் பாறையைப் பாருங்கள். கண்டம் என்பது பெரும்பாலும் அந்த மாதிரிச் சரக்கு. கடலடித் தரை பசால்ட், எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறை, அதைவிடக் கனம். கனமான சரக்கின்மேல் லேசான சரக்கு, குளத்தில் தெப்பம் மிதக்கிற மாதிரி மிதந்து நிற்கிறது. தெப்பம் சாயலாம், விளிம்பில் தண்ணீர் ஏறலாம், இரண்டாக உடைந்து ஆளுக்கொரு பக்கம் போகலாம். அடியோடு தாழ்ந்து நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போகாது. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் கிடப்பது பசால்ட் தரையும் அதன்மேல் படிந்த சேறும்தான்.

மொரீஷியஸ் சங்கதி பொய் இல்லை, திரித்துச் சொல்லப்பட்டது. அந்தத் தீவு எரிமலை கக்கிய இளசு. அதன் கடற்கரை மணலில் தீவைவிட மிகப் பழைய சிர்கான் என்ற கனிமத்தின் துகள்கள் கிடைத்ததாக 2013இல் சொன்னார்கள். 2017இல் அங்கத்திய எரிமலைப் பாறைக்குள்ளேயே 300 கோடி வருஷப் பழமை வரை உள்ள சிர்கான் கிடைத்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது பிய்ந்து விழுந்த கண்டச் சில்லு ஒன்று எரிமலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பலகாரம் உடைக்கும்போது தூள் உதிர்வதில்லையா, அந்த மாதிரி. அது பிய்ந்த காலத்தில் தரையில் நடமாடியவை டைனோசர்கள். நம் மனித இனத்துக்கு வயது 3 லட்சம் வருஷம். 9 கோடி எங்கே, 3 லட்சம் எங்கே? இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பாதி வீடியோ அணைந்துவிடும்.

"அப்போ சிலப்பதிகாரம் பொய்யா தம்பி? எங்க ஆளுகளே காவிரிப்பூம்பட்டினத்துல கடலுக்குத் தப்பி வந்தவங்கதானே?" என்று கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி, அதற்குக் குரலை உயர்த்தவில்லை. 20,000 வருஷத்துக்கு முன்பு கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை தரையாகக் கிடந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். குமரிமுனைக்குத் தெற்கேயும் ஆழமில்லாத திட்டு அகலமாக வெளியே தெரிந்திருக்கும். பனி உருகி அதெல்லாம் கடலுக்குப் போனது. கரையோர ஊர்கள் அதற்குப் பிறகும் போயிருக்கின்றன, 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுக்குப் போயின என்று சிலப்பதிகாரக் கவிஞர் பாட, கரை அளவு நிலம் போனாலே போதும். அதை ஆஸ்திரேலியா வரைக்கும் இழுத்துக் கண்டமாக்கி, அதற்கு ஒரு வரைபடமும் போட்டது பின்னால் வந்தவர்களின் வேலை.

அடுத்தது பூமிக்கடிப் பெருங்கடல். 2014இல் பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் துகள் அகப்பட்டது. அதன் எடையில் ஒன்றரை சதவீதம் அளவுக்குத் தண்ணீர். அது படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். பள்ளிக்கூட ஆய்வகத்தில் மயில்துத்தத்தைச் சூடு பண்ணியிருப்பீர்கள், நீலம் வெளுத்து ஆவி போகும். மயில்துத்தத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். பிழிந்து குடிக்க முடியுமா? அந்த ரிங்வுடைட் இருக்கும் மண்டலம் 410 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே இருக்கிறது. 1,500 அடி போர் போட்டாலும், அங்கே எட்ட இன்னும் 900 மடங்கு போக வேண்டும். ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் 1989இல் 12,262 மீட்டர் வரை துளைத்தார்கள். அடியில் 180 டிகிரி வெப்பம், அதற்குமேல் முடியவில்லை. நம் ஊர் ரிக் வண்டிக்காரர் அதைத் தாண்டிவிடுவாராம்.

இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், இது புது மூடநம்பிக்கைகூட இல்லை. ஆறுகளுக்குத் தண்ணீர் பாதாளக் கடலிலிருந்து வருகிறது என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். 1674இல் பியேர் பெரோ என்பவர் செய்ன் நதியின் தலைப்பகுதியில் மழையையும் ஓட்டத்தையும் கணக்கிட்டு, பெய்கிற மழையில் ஆறில் ஒரு பங்குதான் ஆற்றில் ஓடுகிறது என்று காட்டினார். 350 வருஷத்துக்கு முன்பே செத்துப்போன கருத்துக்கு இங்கே இப்போது தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, உப்பு எங்கிருந்து வந்தது? அந்த வீட்டில் ரிக் பையன் ஒருவன் கெட்டிக்காரன். வெளியே வந்த மண்ணை ஆழம் வாரியாகச் சாக்கில் குவித்து வைத்திருந்தான். மேலே செம்புறாங்கல் தூள். கீழே மஞ்சள் மணல், வெள்ளைக் களி, மறுபடி பருமணல். அந்தப் பருமணல்தான் 240 அடி. கீழ்க்குவியல்களில் சாம்பல் நிறக் களி. ஈரம் பண்ணி உள்ளங்கையில் உருட்டினேன், மெழுகுபோல் உருண்டது. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சிப்பித் துண்டு. அண்ணனிடம் காட்டினேன். கடல் இங்கே வந்துபோனது உண்மை. டைனோசர்கள் இருந்த காலத்தில் வந்த கடலுக்கு அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அதில் கிடைக்கும் அம்மோனைட்களும், அதாவது அந்தக் காலத்துக் கடல் உயிர்களின் சுருள் ஓடுகளும், சாட்சி. பிற்காலத்திலும் அது இந்தக் கரையில் ஏறி இறங்கியிருக்கிறது. அந்தச் சேறு அடுக்கடுக்காக இறுகியது, அதற்கிடையில் மாட்டிய உப்பு முழுக்கக் கழுவப்படவில்லை. நிலம் கடலுக்குள் போன கதையைத் தேடி, கடல் நிலமான இடத்தில் துளை போட்டிருக்கிறார்கள்.

மேலே இருக்கும் மணற்கல்லுக்கும் ஒரு பெருமை உண்டு. விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன அல்லவா, ஏறக்குறைய 2 கோடி வருஷம் என்கிறார்களே, அந்தக் கூட்டத்து மணற்கல்தான் இங்கேயும். சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசிக்குப் பேர்போன ஊர் நம்முடையது. மழை இந்த மணலில் வடிகட்டி இறங்கிய ருசி அது.

செம்புறாங்கல்லைக் காட்டி "எரிஞ்ச கல், அந்தக் காலத்து அணுகுண்டு" என்பவர்களுக்கு ஒரு வரி போதும். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்ததில் மற்றதெல்லாம் கரைந்துபோய் இரும்பும் அலுமினியமும் தங்கிய மண் அது. 1807இல் கேரளத்து அங்காடிப்புறத்துக் கல்லைப் பற்றி எழுதிய புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

"கார்பன் டேட்டிங்கில் கோடி வருஷம் என்று அடித்துவிடுகிறார்கள்" என்பது இன்னொரு தொல்லை. கார்பன் 14 பாதியாகக் குறைய 5,730 வருஷம், 50,000 வருஷத்துக்கு மேல் அதைக்கொண்டு எதுவும் பார்க்க முடியாது. பாறைக்கு யாரும் கார்பன் 14 பார்ப்பதில்லை. யுரேனியம் ஈயமாகும் கணக்கு அது, பாதியாக 447 கோடி வருஷம் எடுக்கும் யுரேனியம். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இதில் எப்படி வருஷம் பார்த்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு நிலமும் பணமும் அள்ளிக் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊரில் இருந்துகொண்டு இதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

பணம் போனால் அவர் பணம், நமக்கென்ன என்று விட முடியவில்லை. அந்தப் போரில் மேல் மணலுக்கும் கீழ் மணலுக்கும் சேர்த்தே துளைக்குழாய் இறக்கியிருக்கிறார்கள். கீழ்த் தண்ணீர் அழுத்தத்தில் ஏறி மேல் மணலில் கலக்கிறது. இரண்டு வீடு தள்ளி ஓர் ஆச்சி, எண்பது வயது இருக்கும். "மூணு மாசமா காபியே கரிக்குது தம்பி, பால்காரனை மாத்திப் பாத்துட்டேன்" என்றார். பால்காரர் பாவம்.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். போர் போடுமுன் பக்கத்து நாலு வீட்டில் எத்தனை அடி, என்ன மண், என்ன ருசி என்று விசாரியுங்கள், அதற்குக் காசு கிடையாது. உள்ளாட்சியில் அனுமதி வாங்குங்கள். பத்தடிக்கு ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டு ஆழத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள், மறுக்கிற ரிக்கைத் திருப்பி அனுப்புங்கள். குழாய் இறக்குமுன் எலெக்ட்ரிக்கல் லாகிங் எடுங்கள், துளைக்குள் கருவியை இறக்கி ஒவ்வோர் ஆழத்திலும் மின்தடையை அளந்து கோடாக வரைவது அது. நல்ல மணல் எது, உப்பு மணல் எது என்று அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும், ஆகிற செலவு மொத்தச் செலவில் ஓரம்தான். உப்பு அடுக்கைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் சிமெண்ட் கலவை இறக்கி அடைத்தே ஆக வேண்டும். கைவிட்ட போரைத் திறந்து போடாதீர்கள். மணப்பாறைப் பக்கம் 2019இல் அப்படி ஒரு போருக்குள் குழந்தை விழுந்து இறந்தது மறந்துபோயிருக்காது.

அண்ணன் வீட்டுக் கூரை பத்தாயிரம் சதுர அடி தேறும். இங்கே ஆண்டு மழை 900 மில்லிமீட்டரை ஒட்டி. பெருக்கிப் பார்த்தால் 8 லட்சம் லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் லாரியில் எழுபது நடை. ஓடு உறிஞ்சுவது, தெறிப்பது போனாலும் ஐம்பது நடை மிஞ்சும். முற்றத்தில் விழுவதை வெளியே எடுத்துப்போக அவருடைய ஐயா போட்ட கால்வாய் இருக்கிறது, மேலே புதிதாக டைல்ஸ் ஒட்டி மூடியிருக்கிறார்கள். ஊருணியின் வரத்துக்காலில் யாரோ கார் நிறுத்தக் கொட்டகை போட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை கீழ்ப்பகுதியை அடைக்கப் போகிறோம். மேல் மணல் தப்பிக்கும் என்று நம்புகிறேன், ஆச்சி வீட்டுத் தண்ணீரை மாதாமாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிளம்பும்போது அண்ணன் அந்தச் சிப்பித் துண்டைக் கேட்டார். கொடுத்தேன். கைக்குட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். என்ன தலைப்புப் போட்டு யாருக்கு அனுப்பப் போகிறாரோ, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.