துடிப்பகலப் பண்பேற்றமும் ஒரு மீன்தொட்டியும்

காரைக்குடியில் தெரிந்தவர் வீட்டுப் பட்டாலையில் (முன்கூடத்தில்) மீன்தொட்டி வைத்தார்கள். விளக்கு மாட்ட வந்த தம்பி, "அண்ணே, பி.டபிள்யூ.எம்மை அனலாக்கா மாத்தணும்" என்றார். "தமிழ்ல சொல்லுப்பா" என்றார் ஆச்சி. தம்பி என்னைப் பார்த்தார்.

பி.டபிள்யூ.எம். என்பது பல்ஸ் விட்த் மாடுலேஷன். பல்ஸ், தட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் துடிப்பு என்கிறோம், நாடிக்கும் அதுவே. மாடுலேஷனின் வேர் 'சிறிய அளவு' என்ற பொருளுள்ள மாடுலஸ். பாடநூல் தமிழில் பண்பேற்றம். சேர்த்தால் துடிப்பகலப் பண்பேற்றம். நாக்குக்குக் கொஞ்சம் கனம்தான். அதைவிட, 'அகலம்' ஏமாற்றும்: இங்கே அளப்பது இடத்தை அல்ல, நேரத்தை. 5 வோல்ட் துடிப்பு, ஒவ்வொரு சுற்றிலும் 30 விழுக்காடு நேரம் மட்டும் உயர்ந்து நின்றால் சராசரி 1.5 வோல்ட். அவ்வளவுதான் சங்கதி.

அனலாக், 'விகிதத்துக்கு ஒத்தது' என்ற கிரேக்கச் சொல். பாடநூலின் 'ஒப்புமை' அதற்கு நேர். ஆனால் விளக்கு வேலையில் நமக்கு வேண்டியது விட்டு விட்டு வராத மின்னழுத்தம். 'தொடர் மின்னழுத்தம்' என்பதே எனக்குப் பிடிக்கிறது.

சரி, ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு? மேடும் பள்ளமுமான மண்ணைச் சமமாக்குவதை 'நிரவுவது' என்போமே, அதுதான். ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி போதும். மின்தடையை ஊருணியின் வரத்துக்கால் என்று வையுங்கள், மின்தேக்கியை ஊருணி என்று. மழை விட்டு விட்டுப் பெய்தாலும் ஊருணி மட்டம் குதிப்பதில்லை. ஒரே வேறுபாடு: இங்கே வந்த வழியே வெளியேறவும் செய்யும், அதனால்தான் மட்டம் சராசரியில் நிற்கிறது. இந்தத் துடிப்பைத் தரும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை அர்டுயினோ உனோ. அதன் பெரும்பாலான பி.டபிள்யூ.எம். முனைகளில் நொடிக்குச் சுமார் 490 துடிப்பு. 10 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டால் மிச்சமிருக்கும் சிற்றலை, அதாவது மட்டத்தின் சிறு ஏற்ற இறக்கம், 25 மில்லிவோல்ட் அளவுதான். தேக்கியைப் பெரிதாக்கினால் சிற்றலை குறையும், மாற்றம் மெதுவாகும். விடியல்போல மெல்ல ஏறும் விளக்குக்கு அது குறையே இல்லை.

ஆனால் பல எல்.ஈ.டி. டிரைவர்கள் (விளக்குக்கு மின்சாரம் தரும் பெட்டிகள்) வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக் கேட்பது 0 முதல் 10 வோல்ட். ஆகவே செயல்பாட்டுப் பெருக்கி (ஆப்-ஆம்ப் எனும் சில்லு) ஒன்றை வைத்து இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கு 12 வோல்ட்டாவது மின்சாரம் வேண்டும். பெருக்கி இல்லாமல் நிரவியை நேரே இணைத்தால் கணக்கு பிசகும். இத்தகைய டிரைவர்களில் பல, மங்கல் கம்பி (வெளிச்சக் கட்டளை வரும் கம்பி) வழியே தாமே சிறு மின்னோட்டத்தை வெளியே தள்ளும். 100 மைக்ரோஆம்பியர் என்றாலும் 10 கிலோ ஓமில் 1 வோல்ட் பிழை. அந்தக் கம்பி அறுந்தால் இவை முழு வெளிச்சத்துக்குப் போய்விடும், மீன்கள் மிரளும்.

அப்புறம், தண்ணீர் பக்கத்தில் 230 வோல்ட். சில டிரைவர்களின் மங்கல் கம்பி வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாமலே இருக்கும். டிரைவரின் விவரத் தாளைப் படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் நடுவில் ஒளி இணைப்பி (கம்பித் தொடர்பில்லாமல் ஒளியால் சைகை கடத்தும் சில்லு) வைத்துப் பிரியுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே கொண்டு போனால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். இது ஆச்சிக்குச் சொல்லாமலே புரிந்தது.