சில்லறையில் மல்லி வாசம்: ஹைக்கூவுக்குள் தத்துவம் எங்கே இருக்க வேண்டும்?

மதுரைப் பக்கம் ஆன்மிக ஈடுபாட்டோடு ஹைக்கூ என்ற ஜப்பானியக் குறுங்கவிதை வடிவில் எழுத வருகிறவர்களின் நோட்டுகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. மாயை, ஆன்மா, பிரம்மம், கர்மவினை என்ற சொற்கள் கவிதைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. இருப்பதோ மூன்று வரி. அதில் இப்படி ஒரு சொல் விழுந்தால் மற்ற சொற்களுக்கு வேலை இல்லை, படிப்பவருக்கும் இல்லை.

தத்துவ மரபு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர், மகன் சுவேதகேதுவை உப்பைத் தண்ணீரில் போடச் சொல்கிறார். மறுநாள் காலையில் மேலே ஒரு வாய், நடுவே ஒரு வாய், அடியில் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்கிறார். மூன்று முறையும் "உப்பு" என்றுதான் பதில். கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நிறைந்திருப்பதை முதலில் நாக்கு அறிகிறது. விளக்கம் பிறகுதான் வருகிறது. ஹைக்கூவில் அந்த விளக்கத்தை விட்டுவிட வேண்டும். உப்புக் கரித்தால் போதும்.

எழுத உட்காரும்போது பெரும்பாலோர் கண்ணால் பார்த்ததையே எழுதுகிறார்கள். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை வகுக்கும்போது வரும் வரிசை வேறு: உடம்பு, நாக்கு, மூக்கு, கண், காது, கடைசியாக மனம். இதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். பூ மார்க்கெட்டிலோ வைகைக் கரையிலோ ஓரிடத்தில் 15 நிமிடம் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடி, தோலில் பட்டது, நாக்கில் நின்றது, மூக்கில் ஏறியது ஆகியவற்றை மட்டும் மனதில் பிடியுங்கள். பிறகு கண், காது. நோட்டில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் மட்டும் எழுதுங்கள். "அழகான", "இனிய" என்று எழுதினால் மனம் வரிசையில் முந்திவிட்டது என்று பொருள்.

ஒரு கவிதை எப்படித் தேறுகிறது என்று பார்ப்போம். முதல் படி:

மாய உலகில்
மல்லிகை போல் வாடும்
மனித வாழ்வு

இதில் எந்த வாசனையும் இல்லை. "போல்" வந்ததும் மல்லிகை வெறும் உதாரணமாகிவிட்டது. இரண்டாவது படி:

விற்றுத் தீர்ந்த கூடை
இன்னும் போகவில்லை
மல்லிகையின் வாசம் மட்டும்

இப்போது மூக்கு வேலை செய்கிறது. ஆனால் "இன்னும்", "மட்டும்" இரண்டும் கவிஞர் பக்கத்தில் நின்று சுட்டிக்காட்டும் சொற்கள். மூன்றாவது படி:

காலிக் கூடை
மீதிச் சில்லறையில்
மல்லி வாசம்

பூத் தொடுத்த கை தொட்டதால் நாணயமும் மணக்கிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் இயல்பாகவே ஆகிறது என்பதைச் சைவ சித்தாந்தம் "சார்ந்ததன் வண்ணமாதல்" என்கிறது. கவிதையில் அந்தச் சொல் இல்லை. கூடைக்கும் சில்லறைக்கும் நடுவே விட்ட இடைவெளியில் அது இருக்கிறது. படிப்பவர் அதுவரை போகாமல் வாசனையோடு நின்றாலும் கவிதைக்கு நட்டமில்லை.

அந்த இடைவெளியை உண்டாக்க ஜப்பானியர் 'கிரெஜி' என்ற வெட்டுச்சொல்லை வைக்கிறார்கள். நம்மிடம் இடைச்சொற்கள் இருக்கின்றன. "உம்" என்ற ஒன்றுக்கே தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது.

பங்குனி வெயில்
ஆடி வீதியில் பட்டரும்
ஓடுகிறார்

பட்டர் என்றால் கோயில் அர்ச்சகர். "பட்டரும்" என்பதில் உள்ள உம்மைதான் சுடுகல்லில் ஓடும் மற்ற எல்லாரையும் உள்ளே கொண்டுவருகிறது. பிட்டுக்கு மண் சுமந்தவர் முதுகில் விழுந்த பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது என்ற திருவிளையாடல் தெரிந்தவருக்கு இந்த மூன்று வரி இன்னும் தூரம் போகும். உம்மையை எடுத்துவிட்டால் வெறும் செய்திதான்.

ஹைக்கூவில் காலத்தைக் காட்டும் பருவச்சொல்லுக்கு மதுரைக்காரர் அலைய வேண்டியதில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிய வீதிகளே மாதப் பெயர்களைச் சுமக்கின்றன. ஆனால் மாதத்தின் பெயரைவிட அந்த மாதத்தின் தொடுகை வலுவானது. சித்திரை என்று எழுதுவதைவிட, அழகர் வரும்போது தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் கழுத்தில் படுவதை எழுதலாம்.

மூன்று வரிக்கு 5-7-5 என்ற ஒலிக்கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. ஜப்பானிய மொழியில் எண்ணுவது குறுகிய ஒலி அலகை. தமிழ்ச் சொல்லில் விகுதியும் உருபும் ஒட்டிக்கொள்வதால் அந்தக் கணக்கு பொருந்தாது. எண்ணிக்கையை நிரப்பப் போய் வேண்டாத சொல் நுழைந்துவிடும். ஆறு முதல் பத்துச் சொல் போதும். குறளுக்கே ஏழு சீர்தான். நிகழ்காலத்தில் எழுதுங்கள், வினைமுற்று ஒன்றுக்கு மேல் வேண்டாம். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதி, 1916-ல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது வியந்ததும் இந்தச் சொற்சுருக்கத்தைத்தான்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்றாவது வரியில். முதல் இரண்டு வரியில் காட்சியைக் கொடுத்துவிட்டு, மூன்றாவதில் நீதி சொல்லிவிடுகிறார்கள். அதை விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். மறைத்த பிறகும் பொருள் குறையவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, வேறொரு புலனிலிருந்து ஒன்றைத் தேடுங்கள். முன்னது கண் என்றால் பின்னது மூக்கோ தோலோ ஆகட்டும்.

எழுதியதை ஒரு வாரம் வைத்திருந்து, வீட்டில் யாரிடமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "நல்ல கருத்து" என்று சொன்னால் இன்னொரு படி எழுத வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விரலை மூக்கருகே கொண்டுபோனால் அப்படியே விட்டுவிடலாம்.