பார்ட்டி வால் – பொதுச்சுவர்

லண்டன் புரூக் தெருவில் 23, 25 எண்ணுள்ள செங்கல் மாடிவீடுகள் ஒட்டி நிற்கின்றன. இசையமைப்பாளர் ஹேண்டல் 1723 முதல் 1759இல் இறக்கும்வரை 25இல் குடியிருந்தார். 1968–69இல் 23இன் மேல்மாடியில் இருந்தவர் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர்தான் 'பார்ட்டி வால்'.

இந்தப் 'பார்ட்டி' விருந்து அல்ல. பழைய பிரெஞ்சில் 'பார்ட்டிர்' என்றால் பகுத்தல் என்று பொருள், அதிலிருந்து வந்தது. 'பார்ட்டிஷன்' சொல்லுக்கும் வேர் இதுவே, ஆனால் அது ஒரே வீட்டுக்குள் அறையைத் தடுக்கும் சுவர். பார்ட்டி வால் இரண்டு உடைமைகளின் எல்லையில் நின்று, இரு பக்கத்துப் பாரத்தையும் தாங்கும். நம் பத்திரங்களில் 'பொதுச்சுவர்' என்று எழுதுவது இதைத்தான். 'பகிர்சுவர்' வேரோடு பொருந்தும். இருந்தாலும் வழக்கில் ஊறிய சொல் இருக்கப் புதிது எதற்கு? 'தடுப்புச்சுவர்' என்பது பிழை.

1666 பெருந்தீக்குப் பின் வந்த 1667 சட்டம் லண்டனில் செங்கல் அல்லது கல் சுவரைக் கட்டாயமாக்கியது. தீ கூரை வழியே தாவாமலிருக்க, பொதுச்சுவரைக் கூரைக்கு மேல் 18 அங்குலம் உயர்த்தச் சொன்னது 1707 சட்டம். அக்கால வரிசைவீடுகளை அண்ணாந்து பார்த்தால், கூரைகளுக்கு நடுவே வரப்புபோல் துருத்தி நிற்பது அதுதான்.

சிக்கல் பெரும்பாலும் புகைபோக்கியில் தொடங்கும். இரு வீட்டுக் கணப்படுப்புகளும் பொதுச்சுவரில் முதுகோடு முதுகாக அமைந்து, புகைக்குழல்கள் மேலே ஒரே தூணாகச் சேர்வதுண்டு. அறையில் இடம் வேண்டுமென்று ஒருவர் தம் பக்கத்துக் கட்டுமானத்தை இடித்தால், மேலே நிற்கும் தூணுக்குப் பாதித் தாங்கல் போய்விடும். அப்போது எஃகு உத்திரம் கொடுத்தாக வேண்டும். இன்னொன்று, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் இணைப்புகளைச் சிமெண்டால் பூசுவது. ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லுக்குள் தங்கி, உறைபனியில் முகப்பு பொரிந்து உதிரும். முகப்புச் சுவரும் பொதுச்சுவரும் சரியாகப் பின்னப்படாத வீடுகளில், சந்திக்கும் மூலையில் செங்குத்தாக வெடிப்பு விடும்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1996 சட்டப்படி, பொதுச்சுவரில் கைவைக்க இரண்டு மாதம் முன்னதாக அண்டை வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 14 நாளில் அவர் பதில் தராவிட்டால் தகராறு என்றே கணக்கு. சர்வேயர் வந்து தீர்ப்பார். 25ஆம் எண் வீடு முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அத்தகைய வீட்டின் தன்மையை மாற்றும் வேலைக்குத் தனி அனுமதியும் வேண்டும். அண்டை வீட்டார் சம்மதித்தாலும் அதற்கு ஈடாகாது.