ஆம்புலன்சில் வரும் இடைநிலை டெக்னீஷியன் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது?

ஆம்புலன்சில் வந்து இறங்குகிற எல்லோரும் ஒரே படிப்பு படித்தவர்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு நான்கு படிகள் உண்டு. முதலில் வந்து சேரும் மீட்பாளர், அடிப்படை டெக்னீஷியன், அதற்கு மேல் ஏ.இ.எம்.டி. (அட்வான்ஸ்டு இ.எம்.டி.) எனும் இடைநிலை டெக்னீஷியன், உச்சியில் பாராமெடிக். நான் மூன்றாவது படியைச் சேர்ந்தவன்.

அடிப்படை டெக்னீஷியன் செய்கிற எல்லாவற்றையும் நாங்களும் செய்வோம். கூடுதலாக நரம்பிலோ, அது கிடைக்காதபோது எலும்புக்குள்ளோ ஊசி செலுத்தி டிரிப் ஏற்றலாம். குரல்வளைக்கு மேலே நிற்கும் சுவாசக் கருவியை வைக்கலாம். குறிப்பிட்ட சில மருந்துகளைத் தரலாம். மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்குவது, இசிஜியைப் படித்து இதயத் தாளக் கோளாறுக்குச் சிகிச்சை தருவது எல்லாம் பாராமெடிக் வேலை. எல்லைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எங்கானாலும் எங்கள் சேவையை மேற்பார்வையிடும் டாக்டரான மருத்துவ இயக்குநர் எழுதித் தந்த நிலையான உத்தரவுக்குள்தான் வேலை. அதற்கு வெளியே ஏதாவது தேவைப்பட்டால் டாக்டரை அழைத்துக் கேட்க வேண்டும்.

இந்தப் படியின் அருமை, சுகர் இறங்கி மயங்கியவரிடம் தெரியும். வாய் குழறும், ஒரு பக்கம் கை தளரும், கோபம் வரும். பார்ப்பவர்கள் பக்கவாதம் என்பார்கள், குடிபோதை என்றும் சொல்லிவிடுவார்கள். அதனால் சுயநினைவு தடுமாறிய யாராக இருந்தாலும் விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும். விழுங்க முடியாதவருக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. அங்கேதான் நரம்புவழி குளுக்கோஸ் கைகொடுக்கிறது. முன்பு 50 சதவீதக் கரைசலே வழக்கம். அது நரம்பை விட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள தசையே அழுகக்கூடும். இப்போது பல சேவைகள் 10 சதவீதத்துக்கு வந்துவிட்டன. நல்ல மாற்றம். நரம்பு கிடைக்காவிட்டால், சுகரை ஏற்றும் ஹார்மோன் மருந்தான குளுக்ககானைத் தசையில் போடுவோம். அது வேலை செய்யப் பத்து, பதினைந்து நிமிடமாகும். கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு இருந்தால்தான் பலிக்கும் என்பதால், பட்டினி கிடந்தவருக்கும் நிறையக் குடிப்பவருக்கும் பெரிதாக உதவாது.

சரி, கண் விழித்துவிட்டார். உடனே, "நான் நல்லாத்தான் இருக்கேன், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்பார். ஊசி போடுவதைவிட இதுதான் கஷ்டமான கட்டம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பல மணி நேரம் கழித்தும் சுகர் மறுபடி இறங்கும். அவரைப் பேசிச் சம்மதிக்க வைப்பதும் எங்கள் கடமைதான். தெளிவோடு மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது. டாக்டரிடம் பேசி, சாப்பிட வைத்து, துணைக்கு ஆள் இருப்பதை உறுதி செய்து, எல்லாவற்றையும் எழுதி வைப்போம்.

விபத்தில் ரத்தம் போகும்போது கணக்கு வேறு. சலைன் ஆக்சிஜனைச் சுமக்காது, ரத்தத்தை உறையவைக்கவும் செய்யாது. அளவுக்கு மீறினால் இருக்கிற ரத்தத்தையும் நீர்க்கச் செய்யும். எனவே ரத்தக்கசிவை அடக்கிவிட்டு வண்டியைக் கிளப்பி, ஊசியை ஓடுகிற வண்டியில் போடுவோம். "இன்னும் டிரிப் போடலையா?" என்று உறவினர்கள் சத்தம் போடும்போது இதை விளக்க நேரம் இருக்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு உதவ நினைத்தால், சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துத் தாருங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று சொல்லுங்கள். நெஞ்சுவலிக்காரரிடம் வயாகரா வகை மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். அது தெரியாமல் நைட்ரோகிளிசரின் என்ற நெஞ்சுவலி மருந்தைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும்.